ஊர்க்கூட்டத்தில் எல்லாத் தெருவுக்கும் இடம்

(உழவர் நாள் விழாவில் உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விதை நேர்த்தி, உர அளவு, களைக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றியே நான் உங்களிடம் பேசுவது வழக்கம். இன்று ஊராட்சியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உழவியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கண்மாய், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை, நெற்களம் ஆகியவை சீராக இல்லாவிட்டால் நாங்கள் சொல்லும் எந்தத் தொழில்நுட்பமும் உங்கள் வயலில் முழுப் பலன் தராது. இவற்றைப் பற்றி ஊர் பேச வேண்டிய இடம் கிராம சபை.

மண் மாதிரி எடுக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை ஆய்வுக்கு அனுப்புகிறோம். எருக்குவியல் இருந்த ஒரே மூலையில் மண்ணை அள்ளி அனுப்பினால், ஆய்வகம் எவ்வளவு சரியாகச் சோதித்தாலும் பரிந்துரை தவறாகத்தான் வரும். ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் மட்டும் கூடி எடுக்கும் ஊர் முடிவும் இப்படிப்பட்டதே.

என் ஊரில் நடந்தது

நான் பிறந்தது கண்மாய்ப் பாசனமுள்ள ஒரு சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கண்மாயைத் தூர் வாரப் பணம் வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தலைமடை நிலக்காரர்கள். என் தந்தையாரும் அவர்களில் ஒருவர். விடுமுறைக்கு வந்திருந்த நானும் உடன் இருந்தேன். அரை மணி நேரத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அள்ளிய மண்ணைக் கரையின் வடபுறம் கொட்டினார்கள். அதுதான் மேய்ச்சல் புறம்போக்கிலிருந்து ஆடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடம். ஆடு மேய்ப்பவர் ஒருவரும் கூட்டத்தில் இல்லாததால் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. தடம் அடைபட்டதால் அந்தக் கோடையில் மந்தைகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. எங்கள் வயல்களில் கிடை போட ஆடு இல்லை. வழக்கமாகக் கிடையில் கிடைக்கும் உரத்துக்கு ஈடாக, என் தந்தையார் கடனுக்கு உரமூட்டை வாங்கினார்.

இன்னொன்றும் நடந்தது. கீழ்மடையின் கட்டுமானம் அடியில் அரித்துக் கிடந்தது. கடைமடை நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் ஆதிதிராவிடர் தெரு மக்களுக்கு அது தெரியும். அவர்களையும் யாரும் அழைக்கவில்லை. மழை வந்து கண்மாய் நிறைந்தபோது அந்த மடை வழியாகவே நீர் வீணாக வடிந்தது. பயிர் பொதி கட்டும் தறுவாயில் கடைமடைக்கு மட்டுமன்றித் தலைமடைக்கும் தண்ணீர் போதவில்லை.

பிறகு ஒரு நாள் மந்தை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை வழியில் சந்தித்தேன். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்தடித் தடம் விடச் சொல்லியிருப்போம், தம்பி" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வேளாண்மையில் பட்டமேற்படிப்பு முடித்த நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தும், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

சட்டம் தந்துள்ள இடம்

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். நிலம் இருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை, 2022 முதல் ஆறு முறை கூடுகிறது. அந்நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்த அளவு வருகையும் விதிக்கப்பட்டுள்ளது. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வர வேண்டும். ஆனால் இந்த எண்ணிக்கையை ஒரே தெருவைக் கொண்டும் நிரப்பிவிடலாம். எல்லாத் தெருவையும் வரவைப்பது சட்டத்தால் மட்டும் ஆகாது, நம்மால்தான் ஆகும்.

நம் பழம்பெருமையும் குறையும்

ஊராட்சி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்தார்கள். கணக்குக் காட்டாதவரை விலக்கினார்கள். இன்றும் நாம் பின்பற்றத்தக்க நெறி அது.

ஆனால் போட்டியிடக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு கூறுகிறது. கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை பேருடைய ஓலை அந்தக் குடத்தில் விழுந்திருக்கும்? தாய்மார்கள் ஒருவருடையதும் விழுந்திருக்காது. அன்று வெளியே நின்றவர்களின் வழிவந்த நாம், இன்று இன்னொருவரை வெளியே நிறுத்துவது முறையாகுமா?

கொடுத்த விலை

இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்கள் 1997 ஜூன் 30ஆம் நாள் மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவி நிலைக்கவில்லை. மனுச் செய்ய ஆளில்லாமல் போகும், அல்லது வென்றவர் உடனே பதவி விலகுவார். அந்த ஆண்டுகளில் ஊரார் எல்லோருக்குமே ஊராட்சி இல்லாமற் போயிற்று. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2ஆம் நாள் நடந்த கிராம சபையில் முதலமைச்சரே கலந்து கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆதிதிராவிடத் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி, 2022 ஆகஸ்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாம் செய்யக் கூடியவை

1. கிராம சபை நாளில் உங்கள் வயலில் வேலை இருந்தால், ஆட்களின் கூலியைப் பிடிக்காமல் அரை நாள் அனுப்பி வையுங்கள். கூலி போகுமென்ற அச்சத்தால் வராதவர்களே பலர்.

2. எல்லோரும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தில் கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் நல்லது. ஊராட்சியைச் சேர்ந்த குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்துவது அதனினும் நல்லது.

3. அறிவிப்பு எல்லாத் தெருவிலும் கேட்க வேண்டும். ஆடு மேய்ப்பவர், கண்மாயில் மீன் பிடிப்பவர், குத்தகைக்காரர் ஆகியோரை நேரில் போய் அழையுங்கள். அவர்கள் தெருவுக்கு நீங்கள் போவதே பாதி அழைப்பு.

4. உட்காரும் இடத்தில் வேறுபாடு கூடாது. நாற்காலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி. ஜமுக்காளம் என்றால் எல்லோருக்கும் ஜமுக்காளம்.

5. பெண் உறுப்பினரின் இருக்கையில் அவர்தாம் அமர வேண்டும். கணவரோ மகனோ பதில் சொன்னால், "அம்மா சொல்லட்டும்" என்று பணிவாகக் கூறுங்கள். குடிநீரைப் பற்றியும் நாற்று நடவைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

6. தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

7. கோயில் திருப்பணிக்கென்று பணம் பெற்று ஊராட்சிப் பதவியை ஏலம் விடுவது சட்டப்படி குற்றம். பணமுள்ளவருக்குப் பதவியை விற்ற ஊர், பிறகு அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. 21 வயது நிறைந்தவர் போட்டியிடலாம். ஊராட்சி உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமும் தேவையில்லை. 2019 தேர்தலில் உறுப்பினர் பதவிக்குக் கட்டுத்தொகை 200 ரூபாய்தான், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 100 ரூபாய். தகுதியுள்ள இளைஞரோ பெண்ணோ உங்கள் ஊரில் தயங்கி நின்றால், முன்மொழிந்து துணை நில்லுங்கள்.

எல்லோரும் வந்தால் கூச்சல்தான் மிஞ்சும், வேலை நடக்காது என்று சிலர் சொல்வார்கள். கூட்டம் நீளும் என்பது உண்மையே. எங்கள் ஊரில் அரை மணி நேரத்தில் முடிந்த கூட்டத்துக்கு ஒரு போகத் தண்ணீரையும் ஒரு கோடைக் கிடையையும் விலையாகக் கொடுத்தோம். இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அவை மிஞ்சியிருக்கும்.

மறு ஆண்டில் என் தந்தையாரும் மற்றும் சிலரும் ஆதிதிராவிடர் தெருவுக்கும் மந்தைக்காரர் வீடுகளுக்கும் போய் அழைத்தார்கள். முதற்கூட்டத்தில் சிலரே வந்தார்கள். அடுத்ததில் கூடுதலாக வந்தார்கள். தடம் திறக்கப்பட்டது. கீழ்மடையும் பழுது பார்க்கப்பட்டது. மனத்தாங்கல் இன்னும் முழுதும் தீர்ந்தபாடில்லை என்றாலும், பேச ஓர் இடம் உண்டாகியிருக்கிறது.

ஆகவே அடுத்த கிராம சபைக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக வராத தெருவிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே போய் உட்கார்ந்ததும், இன்னும் யார் வரவில்லை என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.