கை மட்டுமல்ல, மனமும் நோகும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் மாதர் சங்கத் தலைவி ஆற்றிய உரை)



22 வருசம் நானும் உங்களைப் போல மலையில் கொழுந்து பறித்தவள். இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. என் கையையும் மனதையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. இரண்டு கையிலும் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கும். இளகுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். பெரட்டு அதுவரை காத்திருக்குமா? கிலோ குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. பகலில் கை கொஞ்சம் இளகியதும், "காலையில் நடிக்கிறாள்" என்றார்கள்.

மழையில் நனைந்ததால் வந்த வாதம் என்றுதான் நானும் நினைத்தேன். வைத்தியர் அப்படியில்லை என்றார். கிருமிகளோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் நம் மூட்டுகளைத் தாக்குகிறதாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

கிளினிக்கில் மருந்து தந்தார்கள். கை தேறி வந்தது. ஆனால் மனம் தேறவில்லை. முன்பு விரல் மடங்காததால் மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. இப்போது விரல் மடங்கியும் பின்ன மனமில்லை. திருவிழாவுக்குப் போகவில்லை. இரவில் தூக்கமில்லை. இனி எதற்கு என்று மாத்திரையையும் விட்டேன். வீக்கம் திரும்பியது. வலி கூடக் கூட மனம் இன்னும் விழுந்தது.

பக்கத்துக் காம்பரா அக்காதான் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார். "மாத்திரையை விட்டுவிட்டாள், யாரோடும் பேசுவதில்லை" என்று வைத்தியரிடம் அவரே சொன்னார். வைத்தியர் ஏசவில்லை. "இதுவும் வருத்தம்தான், இதற்கும் மருந்து இருக்கிறது" என்றார். மூட்டை வீங்க வைக்கும் அழற்சி மூளையையும் பாதிக்குமாம். அதோடு வலி, தூக்கமின்மை, வருமானக் குறைவு எல்லாம் சேருகின்றன. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு இப்படி மனச்சோர்வு வருகிறது. அது சோம்பலும் அல்ல, செய்வினையும் அல்ல.

ஆகவே சில விசயங்களை மனதில் வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் கவலையோ, எதிலும் விருப்பமின்மையோ நீடித்தால், மூட்டு வலியோடு அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெதொட்ரெக்சேட் தந்திருந்தால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே குடிக்க வேண்டும். தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வலியை மறக்கச் சாராயம், கசிப்பு என்று போனால் அந்த மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும்.

செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கிளினிக் போக லீவு கேட்டு மறுத்தால், கை முடியாதவருக்கு இலேசான வேலை தராவிட்டால், தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். பேசுவது சங்கத்தின் கடமை.

கடைசியாக ஒன்று. உங்கள் லயத்தில் ஒருத்தி பேச்சைக் குறைத்துக்கொண்டால், "வேலைக்கள்ளி" என்று சொல்வதற்கு முன் அவள் காம்பராக் கதவைத் தட்டுங்கள். என் கதவை ஒரு அக்கா தட்டினார். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.