வாசிக்க இயலாத சட்டத்துக்கு நாம் பணிவதா?

(கணினியும் குடிமகன் உரிமையும் என்னும் பொருள்பற்றி, வாலிபர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கணினியைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்டத்தரணிக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். கணினிக்குக் கட்டளை எழுதும் கலையை நான் கற்றவனல்லன். ஆனால், மனிதரை ஆளும் விதிகளை எழுதுகின்றவர் யார், அவை எவருடைய நன்மைக்காக எழுதப்படுகின்றன, ஆளப்படுகின்றவன் அவற்றை வாசித்தறிய வழியுண்டா என்று கேட்பது என் தொழில். இவ்வினாவைப் பாராளுமன்றத்தை நோக்கிக் கேட்டுப் பழகிய நாம், இன்று நம் சட்டைப் பையிற் கிடக்கும் கைத்தொலைபேசியை நோக்கியும் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவருகின்றது. நல்லதாயினும் தீயதாயினும் அதனை எவரும் வாங்கி வாசிக்கலாம்; மேடையேறிக் கண்டிக்கலாம்; உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். மென்பொருள் என்பது யாது? ஓர் இயந்திரம் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யலாகாது என்று வரிவரியாக எழுதிவைத்த கட்டளைத் தொகுதியே அது. நம் வங்கிக் கணக்கையும் மருத்துவக் குறிப்பையும் மின்சாரப் பட்டியலையும் இன்று ஆளுவது அந்தக் கட்டளைகளே. ஆனால், மனிதன் வாசிக்கக்கூடிய வடிவிலுள்ள அதன் மூலநிரலைப் பெரும்பாலான கம்பனிகள் பூட்டிவைத்துக்கொண்டு, இயந்திரத்துக்கு மட்டும் விளங்கும் வடிவையே நமக்கு விற்கின்றன. வர்த்தமானி இல்லாத சட்டமொன்று நம்மை ஆளுகின்றது என்பதே நான் இன்று கூறவந்த செய்தி.

அச்சுப்பொறியிற் பிறந்த இயக்கம்

இந்த அநீதியை முதலில் எதிர்த்து ஓர் இயக்கம் கண்டவர் றிச்சார்ட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்கர். 1980 ஆம் ஆண்டளவில், மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடமொன்றில் அவர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கினால், அதனைப் பயன்படுத்துவோருக்கு உடனே அறிவிக்கும்படி அதன் நிரலை அவர் திருத்தியிருந்தார். பின்னர் ஸெரொக்ஸ் கம்பனியின் புதிய பொறி வந்தது. அதன் மூலநிரல் வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டபோது, எவருக்கும் கொடுப்பதில்லை எனக் கம்பனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று அவர் கைவிரித்துவிட்டார். அறிந்ததை அயலவனுக்குச் சொல்லலாகாது என்று மனிதனை மனிதன் கட்டும் ஒப்பந்தமா என்று ஸ்ரோல்மன் வெகுண்டார். 1983 செப்டெம்பர் 27 ஆம் நாள், யாவரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஒரு முழு மென்பொருட் தொகுதியை ஆக்கப்போவதாக உலகறிய அறிவித்தார். குனு என்பது அதன் பெயர்.

1989 இல் அவர் வெளியிட்ட பொது உரிமப் பத்திரம், சட்டம் கற்றவர் எவரையும் வியக்கவைப்பது. பதிப்புரிமைச் சட்டத்தைக் கம்பனிகள் வேலியாகப் பயன்படுத்தின; அவரோ அதே சட்டத்தை வழியுரிமைக்கு உறுதியாக மாற்றினார். இந்நிரலை எடுத்துத் திருத்திப் பிறருக்கு வழங்குகின்றவன், தான் பெற்ற அதே உரிமையை மூலநிரலுடன் அவருக்கும் வழங்கக் கடமைப்பட்டவன் என்பது அதன் சாரம். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் ரோர்வால்ட்ஸ் ஆக்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. 2017 நவம்பர் முதல், உலகின் மிக வேகமான கணினிகள் 500 உம் லினக்ஸிலேயே ஓடிவருகின்றன.

ஆங்கிலத்தில் இவ்வியக்கம் ஒரு சொற் குழப்பத்தால் அல்லலுற்றது. சுதந்திரம், இலவசம் என்ற இரண்டுக்கும் அம்மொழி ஒரே சொல்லைக் கொண்டது. அந்தக் குழப்பத்தை நீக்கவும் வர்த்தகரைக் கவரவும் 1998 இல் ‘திறந்த மூலம்’ என்ற பெயரைச் சிலர் கொணர்ந்தனர். தமிழனுக்கு அந்த மயக்கம் தேவையில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பதை நாம் நன்கறிவோம்.

உறுதி உன்னிடம், திறப்பு அவனிடம்

ஒருவர் காணி வாங்குகின்றார். பணம் கொடுத்தாயிற்று, உறுதி எழுதியாயிற்று. வீட்டின் திறப்பை மட்டும் விற்றவனே வைத்துக்கொள்வான் என்றால் நாம் சம்மதிப்போமா? இன்று விற்பனையாகும் பொருள்கள் பல இவ்விதமே விற்பனையாகின்றன.

2009 யூலையில், அமேசன் கம்பனியின் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியில் வாசகர் காசு கொடுத்து வாங்கிய நூல்கள் சில, அவர்கள் அறியாமலே அழிக்கப்பட்டன. அவற்றை விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லையென்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; கம்பனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அழிந்த நூல்கள் எவை தெரியுமா? ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யும் ‘1984’ உம்! புத்தகக் கடைக்காரன் நள்ளிரவில் வீடு புகுந்து அலுமாரியிலிருந்து நூலை எடுத்துச் சென்று, காசை மேசையில் வைத்துவிட்டுப் போனால், அவன் மன்னிப்புக் கேட்டான் என்பதற்காகக் களவு வியாபாரமாகிவிடுமா?

உழவு இயந்திரத்தின் கதையும் இதுவே. அமெரிக்க விவசாயி ஜோன் டியர் கம்பனியின் உழவு இயந்திரத்தை வாங்கினால், இரும்பு அவனுடையது. இரும்பை இயக்கும் மென்பொருளோ கம்பனியுடையது. அதனைப் பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே விவசாயிக்கு உண்டு என்று 2015 இல் அக்கம்பனி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் வாதிட்டது. மென்பொருட் பூட்டை உடைப்பதைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் கம்பனிக்குக் கவசமாக நின்றது. அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றுபோனால், கம்பனியின் ஆள் வரும்வரை விவசாயி காத்துக்கிடக்கவேண்டிய நிலை. விவசாயிகள் சளைக்கவில்லை, அமைப்பாகத் திரண்டனர். 2023 இல் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது.

இயந்திரம் சொன்ன பொய்ச் சாட்சி

நூலும் உழவு இயந்திரமும் பொருள் நட்டம். மானமும் விடுதலையும் பறிபோன கதை ஒன்றுண்டு. அது நடந்தது, நீதிக்குப் பெயர்போனதாக நாம் எண்ணும் இங்கிலாந்தில்.

1999 முதல் பிரித்தானியத் தபாற் கந்தோர்களில் ‘ஹொறைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அதனை நடாத்தியது பூஜிற்சு கம்பனி. பல ஊர்களில் உபதபாலதிபர்களின் கணக்கிற் பணம் குறைவதாக அந்த மென்பொருள் காட்டியது. குறையை அவர்கள் தம் கைப்பணத்தால் நிரப்பினர். வீட்டை ஈடுவைத்து நிரப்பினர். முறையிட்டோரிற் பலருக்கு, இப்படியான குறை உமக்கு மாத்திரமே உண்டு என்று பதில் கிடைத்தது. களவு, பொய்க்கணக்கு, மோசடி என்று வழக்குகள் தொடரப்பட்டன. 2015 வரையில் 900 பேருக்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். கர்ப்பிணியான பெண்ணொருவர் 2010 இற் சிறை சென்றார். பலர் ஊரைவிட்டு ஒதுங்கினர்; சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

இவ்வழக்குகளிற் பெரும்பாலானவற்றைத் தொடுத்தது தபாற் கந்தோரே. முறைப்பாட்டாளரும் அதுவே, வழக்குத்தொடுநரும் அதுவே, சான்று வந்ததும் அதன் கணினியிலிருந்தே. பிழைகளின் பதிவேடொன்று பூஜிற்சுவிடம் இருந்தது. கிளைகளின் கணக்கில் வெளியிலிருந்து கைவைக்கவும் அக்கம்பனியின் பணியாளரால் இயன்றது. இவை குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு மறைக்கப்பட்டன.

சட்டம் அப்போது எங்கே உறங்கியது? 1984 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் 69 ஆம் பிரிவு, கணினிப் பதிவைச் சான்றாகக் கொணர்வோர் அக்கணினி ஒழுங்காக இயங்கியதென முதலில் எண்பிக்கவேண்டும் என்று விதித்திருந்தது. அது பெருந்தொல்லையெனக் கருதி, 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் நீக்கிவிட்டனர். அதன்பின், எதிராக ஏதும் காட்டப்படாதவிடத்து இயந்திரம் செவ்வனே இயங்கியதென நீதிமன்றம் அனுமானித்தது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கின்றதென்று பார்க்க விடாமலே, அதிற் பிழை உண்டென்று காட்டு என எதிரியிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்? மனிதச் சாட்சி பொய் சொன்னால் குறுக்கு விசாரணையில் அவனை மடக்கலாம். இயந்திரச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஒரே வழி, அதன் நிரலையும் பிழைப் பதிவேட்டையும் திறந்து பார்ப்பதே.

555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்காடினர். ஹொறைசனிற் பிழைகள் இருந்தன என்று 2019 டிசெம்பரில் மேல் நீதிமன்றம் தீர்த்தது. 2021 ஏப்பிரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 தீர்ப்புகளை ஒரே நாளில் இரத்துச் செய்தது. 2024 மே மாதத்தில், எஞ்சிய நூற்றுக்கணக்கான தீர்ப்புகளைப் பாராளுமன்றமே சட்டமியற்றித் துடைத்தெறிந்தது. பறிபோன இருபது ஆண்டுகளை எந்தப் பாராளுமன்றம் திருப்பிக்கொடுக்கும்?

இதை ஏன் இங்கே விரித்துரைக்கின்றேன்? நம் நாட்டின் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் 21 ஆம் பிரிவும், மறுதலை எண்பிக்கப்படும்வரை இலத்திரனியற் பதிவிலுள்ள தகவல் உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும் என்கின்றது. அங்கே பற்றிய நெருப்புக்கு இங்கேயும் விறகு அடுக்கப்பட்டிருக்கின்றது என்பதை மறவாதீர்கள்.

பாமரன் நிரலை வாசிப்பானா?

நிரலைத் திறந்துவைத்தாலும் பாமரன் அதனை வாசிப்பானா என்று சிலர் எள்ளி நகையாடுகின்றனர். சட்டக் கோவையை மட்டும் பாமரன் வாசிக்கின்றானா? அவனுக்காக வாசிக்கப் பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் சட்டத்தரணிகளும் இருக்கின்றனர். வாசிக்க வழியிருக்கின்றது என்ற அச்சமே எழுதுகின்றவனை நேர்மையாக வைத்திருக்கின்றது. திறந்த நிரலிலும் பிழைகள் உண்டு. 2014 இல் உலகை அதிரவைத்த ‘ஹார்ட் பிளீட்’ என்னும் குறை, கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த திறந்த நிரலொன்றிலேயே இருந்தது. அதனைப் பராமரித்தோர் ஒரு சிலரே. திறந்திருந்தால் மட்டும் போதாது, பார்க்கும் கண்களுக்குக் கூலியும் கொடுக்கவேண்டும் என்பது அதன் படிப்பினை.

நிபுணர் பார்த்தாற் போதும் என்று விடமுடியாத துறையும் ஒன்றுண்டு. அது வாக்குரிமை. 2005 ஆம் ஆண்டு ஜேர்மன் பாராளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர், நெடாப் என்னும் ஒல்லாந்துக் கம்பனியின் இயந்திரங்களில் வாக்களித்தனர். அடுத்த ஆண்டு ஒல்லாந்திலே சில ஆர்வலர், அத்தகைய இயந்திரத்தின் நிரலை மாற்றி அதனைச் சதுரங்கம் ஆடவைத்துக் காட்டினர்! 2009 மார்ச் 3 ஆம் நாள் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசேட அறிவு எதுவுமின்றியே வாக்கெடுப்பின் முக்கிய கட்டங்களைக் குடிமகன் தானே சரிபார்க்க இயலவேண்டும். அவ்வியந்திரங்களைப் பயன்படுத்தியமை அரசியலமைப்புக்கு முரண் என்பது அத்தீர்ப்பு. இயந்திரம் பிழைவிட்டதென எவரும் காட்டவில்லை. ஆதலால் தேர்தல் இரத்தாகவில்லை. ஆனால், நம்பு என்று குடிமகனுக்குக் கட்டளையிட அரசுக்கு உரிமையில்லை என்ற தத்துவம் நிலைநாட்டப்பட்டது.

அரசியலின்றி வெற்றியில்லை

நல்ல நிரல் எழுதினால் உரிமை தானாக வரும் என்று நம்புவோர்க்கு இரண்டு சான்றுகள் கூறுவேன். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் அடித்தளம் லினக்ஸே. ஆயினும், திறந்த நிரலால் அத்திவாரமிட்டு, மேல்மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டனர்; வாங்கியவன் தன் தொலைபேசியின் அடித்தளத்தை மாற்ற இயலாதபடி பல கம்பனிகள் தடுத்துவைத்திருக்கின்றன.

இரண்டாவது, ஜேர்மனியின் மியூனிச் நகரம். 2003 இல் அந்நகரசபை மைக்குரோசொப்ற்றைக் கைவிட்டு லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. அதனைத் தடுக்க அக்கம்பனித் தலைவர் ஸ்ரீவ் பால்மர் தம் விடுமுறையையும் விட்டு நகரபிதாவை நேரிற் சந்தித்தார். நகரம் அசையவில்லை. 2013 இல் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறிமுடிந்தன. ஆனால் நகரபிதா மாறினார். சபையின் பெரும்பான்மை மாறியது. 2017 இல் பழையபடி திரும்புவதெனத் தீர்மானித்தனர். அதே ஜேர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹொல்ஸ்ரைன் மாநில அரசு, தன் 30,000 அலுவலர் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்ற 2024 இல் முடிவெடுத்தது. ஆக்கியதும் அழித்ததும் மீண்டும் ஆக்கியதும் வாக்கின் பலமே.

நம் மொழிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், தன்னை ஆளும் அரசின் கடிதத்தை வாசிக்க இயலாமற் கந்தோர் வாயிலில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். வாசிக்க இயலாத விதியின் கீழ் வாழ்வது என்னவென்று எவரும் நமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. பூட்டிய மென்பொருள் தமிழில் வருவதும் வராததும் கம்பனியின் இலாபக் கணக்கைப் பொறுத்தது. குனோம், லிப்ரே ஒபிஸ் முதலிய திறந்த மென்பொருள்களையோ தமிழ்த் தொண்டர்கள் எவரிடமும் கெஞ்சி நில்லாமல் தாமே தமிழாக்கினர். அந்தத் தமிழாக்கம் நாளை எவர் மறுத்தாலும் அழியாது. நிரல் நம் கையில் இருக்கின்றது.

நாம் கேட்பவை நான்கு. பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டும். இயந்திரப் பதிவைக்கொண்டு ஒருவரைக் குற்றஞ்சாட்டினால், அதன் நிரலையும் பிழைப் பதிவேட்டையும் அவருடைய சட்டத்தரணி பரிசோதிக்க உரிமை வேண்டும். வாங்கிய பொருளைத் திருத்தும் உரிமை வாங்கியவனுக்கு வேண்டும். வாக்கு, கண்ணாற் கண்டு கையால் எண்ணக்கூடிய கடதாசியிலேயே இருக்கவேண்டும்.

வாலிபர்களே! கைதட்டிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. உங்கள் பிரதேச சபையும் மாகாண அலுவலகமும் எந்த மென்பொருளை, யாரிடம், என்ன விலைக்கு வாங்கின, நம் விபரங்கள் எவர் பொறுப்பில் இருக்கின்றன என்று அச்சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை விடாது கேளுங்கள். நம்மை ஆளும் விதியை நாம் வாசிப்போம். வாசித்துத் தீயதெனக் கண்டால் மாற்றுவோம்.