பக்கம் அமைக்கும் தொழிலும் தீவக இளைஞரும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு மலர் ஒன்று கைக்கு வந்ததும் நாம் முதலிற் பார்ப்பது நம்மவர் பெயரும் படமும் சரியாக வந்திருக்கின்றனவா என்பதையே. அப்பக்கங்களை அமைத்தவர் யார், எவ்வாறு அமைத்தார் என்று கேட்பவர் சிலரே. அத்தொழிலை நாமே கற்றல் வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த பொருள்.

இது நமக்குப் புதிய வழியன்று. 1841 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ப் பத்திரிகையைத் தொடங்கினர். மிஷன் பாடசாலையிற் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், அச்சின் வலிமையை அருகிருந்து கண்டவர். அவர் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். சைவ நூல்களையும் பாலர்க்குரிய பாடப் புத்தகங்களையும் பிழையறப் பதிப்பித்தார். நிறுத்தக் குறிகளை இட்டு வாசிப்பை எளிதாக்கினார். மிஷன் கல்லூரிகளிற் படித்த நம்மவர்க்கு இதனினும் நல்ல வழிகாட்டி வேறில்லை. கற்ற இடம் எதுவாயினும், கற்ற தொழில் நம் சமூகத்துக்குப் பயன்படுதல் வேண்டும்.

நமது தீவகத்துக்கும் இதிற் பங்குண்டு. ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679 இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மீளப் பதிப்பித்து உலகறியச் செய்தார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கடந்த நூல் மீண்டும் வெளிவந்தது ஏன்? ஒரு பிரதியாவது காக்கப்பட்டிருந்தமையாலன்றோ!

முன்னாளில் அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக்கினார். 1985 இல் ‘பேஜ்மேக்கர்’ வந்தபின் அவ்வேலை கணினித் திரைக்கு மாறிற்று. இன்று ‘இன்டிசைன்’ பலராலும் கையாளப்படுகின்றது. பணம் கொடாமலே பெறத்தக்க ‘ஸ்கிரைபஸ்’ என்னும் மென்பொருளும் உண்டு. ஆகவே, வசதியில்லை என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கு இடமில்லை.

கணினியைத் திறக்குமுன் தாளும் பென்சிலும் எடுத்துத் திட்டம் வரைதல் நன்று. தாளை நடுவில் மடித்துத் தைக்கும் மலருக்குப் பக்கத்தொகை நான்கால் வகுபடல் வேண்டும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கமாகும் அல்லவா? தமிழிலே ‘கீ’ போன்ற எழுத்துகள் மேலேயும், ‘கூ’, ‘மூ’ போன்றவை கீழேயும் நீள்வன. ஆதலால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தினும் சற்றே கூடிய வெளி விடுதல் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் இரு ஓரமும் நேராக்கினால் நடுவே ஓட்டைகள் தோன்றும். அங்கே இடப்பக்கத்தை மட்டும் நேராக்குதலே அழகு. படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்டிருத்தல் நன்று. வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்புவது சுருங்கிப்போகும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

இவை யாவினும் முக்கியமானது எழுத்துரு. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். அதிலே ஒரு பெயரைத் தேடினாலும் அகப்படாது. 1991 முதல் யூனிகோட் தரத்திலே தமிழுக்குத் தனி இடம் உண்டு. அம்முறையில் தட்டெழுதியது எங்கும் தமிழாகவே நிற்கும். ‘இன்டிசைனில்’ மாத்திரம் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தெரிவுசெய்தல் வேண்டும். இல்லையேல் முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கக்கூடும்.

இதனை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மீளக் கிடையாத ஏடுகளும் சாம்பலாயின. 1990 இலும் அதன் பின்னரும் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீட்டுப் பெட்டகத்திலிருந்த படங்களும் மலர்களும் பலர்க்கு இல்லாமற் போயின. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு கிராமத்தின் பழைய ஆசிரியர் யார், கோயிற் கேணியை வெட்டுவித்தவர் யார் என்பதற்கு, ஒரு கும்பாபிஷேக மலரோ பாடசாலை மலரோ தவிர வேறு சான்று இல்லாதிருக்கலாம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களைத் தேடிச் சேர்த்து இணையத்தில் வைக்கின்றது. நாம் யூனிகோடில் அமைத்துத் தெளிவான கோப்பாகக் கொடுத்தால், ரொறன்ரோவிலே பிறந்த பேரப்பிள்ளையும் தன் பூட்டனார் பெயரை ஒரு நொடியிற் கண்டெடுப்பான்.

ஆகவே நாம் கேட்பது இதுவே. அடுத்த ஆண்டு மலரின் பக்கங்களை நம் உறுப்பினரே அமைக்கட்டும். அச்சிடுதல் அச்சகத்தார் பணி. அமைத்தல் நம் பணியாகுக. ஆனால் இளைஞர் கை மட்டும் போதாது. தேவாரத்திற் சீர் பிரிந்திருக்கும் விதமும், ஊர்ப் பெரியோரின் சரியான பெயரும் கணினி அறியாதவை. பெரியோர்களாகிய நீங்கள் அறிந்தவை. சரவை பார்க்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். விசைப்பலகையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். இரண்டும் சேர்ந்தால் நம் மலர் பிழையற்றதாகும்; நெடுநாள் நிலைப்பதுமாகும்.