சோலைவரியும் ஏழை நோயாளரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வரியைப்பற்றிப் பேச ஒருவன் மேடைக்கு வந்தால் சபை மெல்லக் கலைந்துவிடும் என்பார்கள். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சோலைவரிதான். தை 31க்கு முன் ஆண்டு வரி முழுவதையும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு என்பதற்காகச் சபைக் கந்தோரில் வரிசையாக நிற்கிறோம். கட்டிய பணம் எங்கே போகிறது என்று கேட்பதற்கு ஒருநாளாவது நின்றோமா? நானும் நின்றவனல்லன்.

எங்கள் ஒழுங்கை முடிவில், கூலி வேலை செய்து பிழைத்த ஓர் அம்மா இருந்தார். சலரோகம், காலிலே புண். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசந்தான். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளில் கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் ஓட்டோவுக்குப் பணம் இல்லை. 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின்போது வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுத்த துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். முதலில் விரல் போயிற்று. பின்பு பாதமும் போயிற்று. அதன் பிறகுதான் அந்தத் துண்டை எனக்குக் காட்டினார். அவர் குடிசைக்கும் என் வீட்டுப் படலைக்கும் நூறு யார் தூரங்கூட இல்லை.

நாம் தருமசிந்தை இல்லாதவர்களா? அல்லவே. தண்ணீர்ப் பந்தலும் மடமும் அன்னதானமும் நமக்குப் புதியனவல்ல. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியும் தருமத்தில் முளைத்ததுதான். வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை 1850இல் முன்னின்று தொடக்கியபோது அது ஏழைகளுக்கு உதவும் ஒரு நண்பர் சங்கத்தின் ஆஸ்பத்திரி. 1907இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. 1951இலிருந்து நாடெங்கும் அரசாங்க வைத்தியம் இலவசமாயிற்று. இவை சிறிய காரியங்களல்ல. ஆனால் கொழும்பிலிருந்து வரும் பணம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. ஒழுங்கை முடிவிலிருந்து அந்த வாசல்வரைக்கும் உள்ள தூரத்துக்கு யார் பொறுப்பு? அன்னதானம் திருவிழா நாளில் நடக்கும். புண்ணுக்குத் திருவிழா நாள் தெரியாது.

இந்த இடத்தில், தம் வீட்டு வரியைத் தாமே கூட்டிக்கொண்ட ஓர் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலே ஒஸ்டின் நகரம் இருக்கும் பகுதிக்குத் திராவிஸ் கவுண்டி என்று பெயர். அவ்விடத்து மக்கள் 2004ஆம் ஆண்டிலே வாக்களித்து, வசதியற்றவரின் வைத்தியத்துக்கென்றே வரி அறவிடும் தனிச்சபை ஒன்றை ஏற்படுத்தினார்கள். 2012 நவம்பர் 6ஆம் திகதி மறுபடியும் ஒரு கேள்வி அவர்கள் முன் வந்தது: ஆதனத்தின் பெறுமதியில் ஒவ்வொரு நூறு டொலருக்கும் 5 சதம் கூட்டலாமா? இரண்டு லட்சம் டொலர் வீடென்றால் ஆண்டுக்கு நூறு டொலர் அதிகம். நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேர் ஆம் என்றார்கள். வரிக்குத் தலையாட்டும் சனமும் உலகத்தில் இருக்கிறது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டொலர் பல்கலைக்கழகத்தின் புதிய வைத்தியக் கல்லூரிக்குப் போயிற்று. ஏழைக்கென்று வாங்கிய பணத்தில் ஏழைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று வரி கட்டியவர்கள் சிலர் 2017இல் வழக்கே தொடுத்தார்கள். பின்னர் வெளியார் ஒருவரைக் கொண்டு கணக்காய்வு செய்விக்கவும் நேர்ந்தது. வைத்தியர் உருவானால் அதுவும் ஏழைக்குத்தானே என்பது மறுபக்கத்து வாதம். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. கேட்க ஆள் இருந்தது. அதைத்தான் நான் கவனித்தேன்.

நம் சபைகளில் அப்படிப்பட்ட வாக்கெடுப்பு இல்லை. வரிவீதத்தை நாம் தெரிந்தனுப்பும் அங்கத்தவர்களே தீர்மானிக்கிறார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையின் முதற் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் 2023 பங்குனி முதல் 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரைக்கும் சபைகளில் நாம் தெரிந்த அங்கத்தவர் ஒருவருமில்லை. உத்தியோகத்தரே நடத்தினர். வரி மட்டும் நிற்கவில்லை. அதைப்பற்றி எந்த வாசிகசாலையிலாவது சூடான விவாதம் நடந்ததா? எனக்குத் தெரிய இல்லை.

இங்கே பெரியோர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. நாற்சார் வீட்டிலே தனியே இருக்கும் கைம்பெண்ணுக்கு வீடு பெரிது, வருமானம் சிறிது. வீடு சோறு போடாது. பெறுமதியை மட்டும் பார்த்து வரி ஏற்றினால் ஏழைக்கு உதவப் போய் இன்னோர் ஏழையை உண்டாக்குவோம். திராவிஸில் 65 வயது கடந்த வீட்டுக்காரருக்குச் சலுகை வைத்திருக்கிறார்கள். இங்கும் அது வேண்டும். ஆனால் வெளிநாட்டிலுள்ளோரின் பூட்டிய வளவுகளுக்கும், பெருந்தெருவோரத்து மாடிக் கடைகளுக்கும் அந்தக் கைம்பெண்ணின் பெயரைச் சொல்லி ஒதுங்க இடமில்லை. குடிசைக்காரர் வரி கட்டாமலே வாக்களிக்கிறாரே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆதனமும் வருமானமும் படிப்பும் பார்த்து வாக்குரிமை கொடுத்த காலம் இந்நாட்டில் 1931உடன் போய்விட்டது.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. சோலைவரி வருமானத்திலே ஒரு சிறு பங்கை ‘ஏழை நோயாளர் போக்குவரத்தும் மருந்தும்’ என்ற தனித் தலைப்பில் எழுதி, செலவை மாதந்தோறும் கந்தோர் வாசலிலே ஒட்டவேண்டும். சட்டத்தில் இடமுண்டா என்று சட்டம் படித்த நம் வாலிபர்கள் பார்க்கட்டும். இல்லையென்றால் எப்படி இடம் உண்டாக்குவது என்றும் பார்க்கட்டும்.

சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவிலே வரும். அதற்குமுன் நம் சங்கத்திலிருந்து நால்வர் தவிசாளரைக் கண்டு இதை எழுத்திலே கொடுக்கவேண்டும். கடிதத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையொப்பமிட விரும்புவோர் மேடைப் பக்கம் வாருங்கள்.