பார்த்துக்கொள்பவரையும் பார்க்க வேண்டும்

(சுண்ணாம்புக்குளம் சுற்றுவட்டாரத் தம்பதியருக்கு நிகழ்த்திய பேச்சு)



இன்று பேசப்போவது பிள்ளையைப் பற்றி அல்ல. பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாயைப் பற்றி.

சில வீடுகளில் மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிறது. பத்து வயதிலும் ஊட்டிவிட வேண்டும், தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும். புருஷன் ராத்திரி வலைக்குப் போய்விடுகிறார். முன்பு இறால் தடவவும் நண்டு விற்கவும் போன மனைவி இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. அவள் கூலி நின்றது யாருக்கும் கணக்கில்லை. "வீட்டில் சும்மாதானே இருக்கா" என்கிறோம்! மாமியார் வேறு, "கிரகணத்தில் வெளியே வந்தாள், அதான் இப்படி" என்பார். அது பொய். பிறக்கும்போது மூச்சுத் திணறல், குறைமாதம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. சில வேளைகளில் காரணமே புலப்படுவதில்லை. எப்படியானாலும் தாயின் மேல் பழி போட இடமில்லை.

நம் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று வலை விரிக்கிறோம். ஒருவரே எல்லா நாளும் விரித்தால் ஊர் விடுமா? வீட்டுக்குள் மட்டும் ஒருத்திக்கே தினமும் பாடு! வலையிலிருந்து வந்து தூங்கி எழுந்த பிறகு, புருஷன் இரண்டு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் அவள் தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். தகப்பன் ஊட்டினால் பிள்ளை சாப்பிடாது என்பார்கள். நாலு நாள் சாப்பிடாது, அப்புறம் சாப்பிடும்.

தூக்கும்போது இடுப்பை வளைக்காதீர்கள். முழங்காலை மடக்கி, பிள்ளையை மார்போடு அணைத்து எழுங்கள். படுக்கவைத்து ஊட்டாதீர்கள், புரையேறும். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். இது பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் தாய் நம்பி வெளியே போவாள்.

"இன்னொன்று பெற்றால் அது இவனைப் பார்த்துக்கும்" என்று உடனே அடுத்த கர்ப்பத்துக்கு அவசரப்படாதீர்கள். தாயின் உடம்பு தேறட்டும். முதலில் மருத்துவரிடம் காரணத்தைக் கேளுங்கள். இடைவெளிக்கு வழிகளைக் கிராம சுகாதார செவிலியர் சொல்வார்.

சென்னையில் பூனம் நடராஜன் என்ற தாய், தம் மகனுக்கு மூளை முடக்குவாதம் இருந்ததால் மற்றப் பெற்றோரின் கஷ்டமும் புரிந்து, 1985-ல் ஒரு நிலையம் தொடங்கினார். இன்று அது வித்யாசாகர். பிறகு தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். அந்த அறக்கட்டளைக்கான 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில், "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது முடிந்தபின், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனு செய்து சட்டப்படி காப்பாளரை நியமிக்கலாம்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம், அதிக உதவி தேவைப்படுபவரைப் பராமரிப்பவருக்கான படியையும் குறிப்பிடுகிறது. அதாவது, அந்த வேலையும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. (நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.) தகுதி உள்ள அறிவுசார் குறைபாடு உடையோருக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதாமாதம் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் விசாரியுங்கள். அந்த ஒரு நாளாவது புருஷனும் கூடப் போங்கள். பிள்ளையை நீங்கள் தூக்குங்கள், பையை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.