ஆராய்ச்சி மாணாக்கரும் புள்ளிவிவரப் பயிற்சியும்

(எக்கியார்குப்பத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



நம் குலத்திற் பட்டம் பெற்றோரை விரல்விட்டு எண்ணிய காலம் போயிற்று. எம்.எஸ்ஸி., பி.எச்டி. என ஆராய்ச்சியிற் புகுந்த பிள்ளைகள் இச்சபையிலேயே அமர்ந்துள்ளனர். அவர்களை நோக்கியே பேச வந்தோம். பெரியோர்களும் செவிசாய்த்தருள வேண்டும். ஏனெனில், முடிவிற் சங்கத்தின் பொக்கிஷத்திலிருந்து ஒரு சிறு தொகையை யாசிக்கப் போகிறோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பழமொழி. மாதிரி எடுத்தல் என்று புள்ளிவிவர நூலார் விரித்துரைப்பதும் இதுவே. ஆனால், கிளறிய பானையில் எடுத்த சோறன்றோ பதம் சொல்லும்? மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போர் இதனை நன்கறிவர். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரிச் செறிவிற் பாத்திக்குள் வருகிறது. வெயிலிற் காய்ந்து, பாத்திக்குப் பாத்தி மாறி, 25 டிகிரியளவிலேதான் உப்புப் பூக்கிறது. கடைசிப் பாத்தியை மட்டும் அளந்துவிட்டு அளம் முழுதும் 25 டிகிரி என்று ஒருவர் எழுதினால் உப்பளத்தார் நகைப்பர். பட்டத்துக்கு எழுதும் நூல்களிலும் அத்தகைய கணக்குகள் புகுந்துவிடுகின்றன. அங்கே நகைப்பார்தாம் இல்லை.

நாமே அப்பிழை செய்தவர்கள். மாணாக்கராயிருந்தபோது, கரைசேரும் படகுகளின் மீன்பாட்டை ஆராயத் தலைப்பட்டோம். கல்லூரிக்கு விடுமுறை ஞாயிறன்று. ஆகவே ஞாயிறுதோறும் விடியலிற் கரையில் நின்று நெத்திலியும் காரப்பொடியும் எடைபோட்டோம். அன்று மீனுக்கு விலை கூடுதலென்பதையும், அதனாற் கடலிறங்கும் படகுகளும் மிகுதியென்பதையும் எண்ணினோமில்லை. பிற்பகலிற் கரையேறிய படகுகளை நாம் கண்டதேயில்லை. எடைபோட இடங்கொடுத்தவரோ சித்தப்பா, மாமா முறையினரே. ஈராண்டு கழித்து, நிறைந்த நோட்டுப் புத்தகங்களுடன் புள்ளிவிவரம் வல்ல பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் நான்கே கேள்விகள் கேட்டார். பின்பு நோட்டுகளை மூடி மெல்ல எம்மிடம் தள்ளி, "தம்பி, இது ஞாயிற்றுக்கிழமைக் கடல்" என்றார்.

1938-இற் கல்கத்தாவிற் கூடிய முதல் இந்தியப் புள்ளிவிவர மகாநாட்டில் தலைமை வகித்த ஆங்கிலேய அறிஞர் ரானல்டு பிஷர், பரிசோதனை முடிந்த பின்பு புள்ளிவிவரக்காரரை நாடுவது பிரேதத்தைச் சோதிக்க அழைப்பது போலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். எம் நோட்டுகளும் அவ்விதமே பிரேதமாயின.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இற் தோன்றியது. அதன் கணக்கெடுப்பாளர் செய்யும் முறையைக் கேளுங்கள். அவர் தமக்கு வசதியான நாளிற் கரைக்கு வருவதில்லை. நாள் குலுக்கல் முறையில் அமைகிறது. முதல் நாள் நண்பகல் 12 முதல் மாலை 6 வரையும், மறுநாட் காலை 6 முதல் 12 வரையும் நிற்பார். இடைப்பட்ட இரவின் வரவை விசாரித்தறிவார். வந்த படகுகள் 15-க்கு மேற்படாவிடில் அனைத்தையும் பார்ப்பார். 50-உம் அதற்கு மேலுமாயின் ஐந்துக்கு ஒன்று. எம் பிழை ஒவ்வொன்றுக்கும் அதில் விடையுண்டு! பத்தே நாட் பயிற்சியிற் கற்றிருக்கக்கூடியதை ஈராண்டு செலவிட்டுக் கற்றோம்.

இது பட்டத்தோடு நிற்கும் விஷயமன்று. விசைப்படகுகளுக்குரிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் நம் கடற்கரையில் 45 நாளிலிருந்து 61 நாளாயிற்று. கடலில் மீன் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்னும் கணக்குகளே இத்தகைய விவாதங்களில் முன்வைக்கப்படுகின்றன. அக்கணக்கைப் படித்து, இது சரி, இது பிழை என்று காரணத்தோடு சொல்ல இக்கரையிற் பிறந்தவர் ஒருவரேனும் வேண்டாவா? வெறுங்கூச்சலுக்கு அங்கே மதிப்பில்லை.

பயிற்சிக்கு இடமில்லாமலில்லை. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் பொருளுதவியால் ஆராய்ச்சி மாணாக்கருக்குப் பத்து நாள் வகுப்புகள் நடைபெறுகின்றன. வேளாண், மீன்வளத் துறைகளிற் கோடைப்பள்ளி, குளிர்காலப்பள்ளி என்பன உண்டு. மகலனோபிஸ் 1931-இற் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்குச் சென்னையிலும் ஒரு கிளையுண்டு. வேலை தேடிக் கல்கத்தா சென்ற ஒரு கணித எம்.ஏ. இளைஞர், அந்நிலையத்திற் பயில வந்தவரொருவரைத் தங்கிய விடுதியிற் கண்டு, தாமும் 1941-இற் பயிற்சியிற் சேர்ந்தார். அவரே 2023-இல் மறைந்த, உலகம் போற்றிய சி. ஆர். ராவ்.

ஒன்று மட்டும் கண்டித்துச் சொல்வோம். நற்சாட்சிப் பத்திரத்துக்காகவே வகுப்புக்கு வகுப்பு ஓடுவோர் இருக்கின்றனர். ஆக்லந்திற் பிறந்து இன்று இலவசமாய்க் கிடைக்கும் 'ஆர்' என்னும் கணினி நிரலிற் பொத்தானைத் தட்டினால் விடை வரும். எந்நாளிற் கரையில் நிற்பது என்பதை அது சொல்லாது. இன்னொன்று, வகுப்பு ஆங்கிலத்தில் நடக்குமாதலின் நம் பிள்ளைகள் பின்வரிசையில் அமர்ந்து வாய்திறவாமல் மீள்கின்றனர். தமிழிற் கேட்டாலும் குறைவில்லை; கேளுங்கள்.

இனி யாசகம். வகுப்புக்குக் கட்டணம் இல்லாவிடினும் வண்டிச்சத்தமும் உணவும் உண்டு. வருஷத்துக்கு இருவருக்குச் சங்கம் அதனை ஏற்க வேண்டும். தகவல் சேகரிக்கத் தொடங்காதவருக்கே முதலிடம் தர வேண்டும். பெண்பிள்ளை ஒருவர் கட்டாயம் என்று காரியதரிசி சேர்க்கச் சொல்கிறார், சம்மதமே. பெயர்களை இன்று அவரிடமே கொடுக்கலாம். இருட்டும்வரை நாமும் இங்கிருப்போம். நோட்டுகளோடு வருவோர் வரலாம். வெறுங்கையோடு வருவோரையே மிகவும் எதிர்பார்க்கிறோம்.