திறமை ஆட்டமா, சூதாட்டமா?

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிரிக்கெட்டைப் பற்றிப் பேசச் சங்க மேடை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாம் பேச வந்தது கிரிக்கெட்டை அல்ல, சம்பளத்தை.

ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் ஒரு வேலை தொடங்குகிறது. மோதும் இரண்டு அணிகளின் 22 பேரிலிருந்து 11 பேரைப் பொறுக்கித் தமக்கென்று ஒரு கற்பனை அணி கட்டுகிறார்கள். திடலில் அந்த வீரன் ஓட்டம் எடுத்தால், விக்கெட் வீழ்த்தினால், இவர்களுக்குப் புள்ளி. தலைவனாகக் குறித்தவனுக்கு இரட்டிப்புப் புள்ளி. இத்தோடு நின்றால் நமக்குச் சண்டை இல்லை, பொழுதுபோக்கு நல்லதுதான்.

நுழைவுக் கட்டணம் என்று ஒன்று வருகிறதே, சண்டை அங்கேதான். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். 100 பேர் ஆளுக்கு 10 வெள்ளி கட்டினால் 1,000 வெள்ளி. நடத்துகிறவன் 150-ஐ எடுத்துக்கொண்டு மீதி 850-ஐப் பரிசு என்கிறான். அந்த 100 பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், மொத்தத்தில் 150 வெள்ளி போனது போனதுதான். வென்றவன் பையில் விழுந்தது தோற்றவன் கூலி.

“இது அதிர்ஷ்டமல்ல, திறமை” என்கிறார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1968-இல் ரம்மியைப் பெரிதும் திறமை ஆட்டம் என்றது. அதே வழியில் 2017-இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம், டிரீம் லெவன் நடத்திய கற்பனை அணிப் போட்டி சூதாட்டமல்ல என்று தீர்ப்பளித்தது. 2020-இல் அதே டிரீம் லெவன் ஐ.பி.எல். போட்டிக்கே பெயர் கொடுக்கும் புரவலராயிற்று. தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கப் போட்ட சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. அடுத்த ஆண்டு வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசியில் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் செய்தது. டிரீம் லெவனும் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது.

நம் நாட்டிலோ இந்த வழக்காட்டத்துக்கு அவ்வளவு இடமே இல்லை. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம், அதிர்ஷ்ட ஆட்டத்தை மட்டுமல்ல, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்துக்கு ஆடுவதையும் சூதாட்டம் என்றே சொல்கிறது. நாணயச் சுண்டலும் மழையும் காயமும் கலக்காத கிரிக்கெட் ஆட்டம் ஒன்று உண்டா?

தோட்டத்துத் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சகுனியைவிடத் திறமையான ஆட்டக்காரன் யார்? அவன் திறமையால் அது சூதில்லை என்று ஆகிவிட்டதா? தருமனுக்குத்தான் கேடு கூடிற்று. கணினியை வைத்துப் புள்ளிக் கணக்கை அலசி நூறு அணி கட்டுகிறவனோடு, விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் தூக்கி வந்து, களைத்துக் கிடக்கிற நேரத்தில் ஓர் அணி கட்டுகிற நம் தம்பி மோதுகிறான். திறமை ஆட்டம் என்று நாம் ஒப்புக்கொண்டால், தோற்பவன் யார் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம்.

நான்கு நம்பர் எடுக்கிறவரை நாம் பாராட்டவில்லை. ஆனால் அவருக்குத் தாம் செய்வது என்னவென்று தெரியும். நம்பர் விழாவிட்டால் ராசியில்லை என்று போய்விடுவார். அணி கட்டுகிறவனோ, “அந்தப் பந்துவீச்சாளனை எடுத்திருந்தால் வென்றிருப்பேன்” என்று மறுநாளும் கட்டுகிறான். படித்த கிராணிமார்களும் இதில் தப்புவதில்லை. கணக்குத் தெரிந்தவருக்குத் தன் கணக்கின்மேல் நம்பிக்கை இன்னும் அதிகம்!

2025-ஆம் ஆண்டு ஐ.பி.எல்.லில் 74 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 10 வெள்ளி என்றால் 740 வெள்ளி. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்துப் பாருங்கள்: பதினொரு நாள் உழைப்பு! சம்பளத்தில் பத்து வெள்ளி கூட்டிக் கேட்க நாம் எத்தனை முறை பேச்சு வார்த்தைக்குப் போகிறோம், தோழர்களே!

பிள்ளைகள் அணி கட்டட்டும். கிளைகளே காசில்லாமல் புள்ளிப் போட்டி நடத்தட்டும். முதல் பரிசாக ஒரு நல்ல மட்டையை வாங்கிக் கொடுப்போம். கடனில் சிக்கியவர் இருந்தால், ஆலோங் வாசலுக்குப் போகுமுன் கிளைச் செயலாளரிடம் வரட்டும். அடுத்த செயற்குழுவில் இந்த இரண்டையும் தீர்மானமாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.